பாலத்தில் நின்ற பஸ்ஸும் பிரித்து வாங்கிய கார்டும்

விதி இதுதான்: ‘ஒரே தேவைக்கான பொருளை, மேல் அதிகாரியின் ஒப்புதலைத் தவிர்க்கும் பொருட்டு, சிறு சிறு கொள்முதல்களாகப் பிரித்து வாங்குதல் கூடாது.’

எந்த அலுவலகத்தின் கொள்முதல் நடைமுறையை எடுத்துப் பார்த்தாலும் இந்த வாசகம் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். ஒரு பெரிய தொழிற்சாலையின் பண்டகசாலை அதிகாரியாக இருந்த காலம் முழுக்க நான் இந்த விதியை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினேன். யார் எதைப் பிரித்துக் கொண்டுவந்தாலும் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அப்படிப்பட்ட நான், சமீபத்தில் ஒரு வைகாசி மாதத்து வெயிலில், திருச்சி தில்லைநகர் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குள் நின்றுகொண்டு, “இதையே ரெண்டு சின்னதா வாங்கிக்கலாமாம்மா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் பெயர் நஸ்ரின். எம்.சி.ஏ. படித்துவிட்டு, அப்பாவின் டி.வி. ரிப்பேர் கடையைக் கம்ப்யூட்டர் கடையாக மாற்றியவர். கடைக்குள் ஏ.சி. குளிரும் புது அட்டைப்பெட்டி வாசனையும். கண்ணாடி அலமாரியில், கம்ப்யூட்டர் திரையில் படத்தை வரைந்து காட்டும் கிராஃபிக்ஸ் கார்டுகள் நகைக்கடை ஒட்டியாணம் மாதிரி விளக்கொளியில் படுத்திருந்தன.

“எதை சார் ரெண்டு சின்னதா?”

“இந்தப் பெரிய கார்டு ஒண்ணுக்குப் பதிலா அந்தச் சின்ன கார்டு ரெண்டு. ரெண்டும் சேர்ந்தா இதுக்குச் சமம்தானே?”

“இல்ல சார்.”

இவ்வளவு சுருக்கமான பதிலை நான் பணிக்காலத்தில் கேட்டதில்லை. அவரே இரங்கி விளக்கினார். “ஒரு காலத்துல சில கேம் ரெண்டு கார்டையும் சேர்த்து வேலை வாங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இணைப்புப் பட்டை மாட்டுவாங்க. அப்பவே தகராறுதான், படம் விட்டு விட்டு ஓடும். இப்ப அதெல்லாம் நிறுத்தியாச்சு. நீங்க காட்டுற கார்டுல அந்தப் பட்டை மாட்டுற இடமே கிடையாது. ரெண்டு போட்டாலும் உங்க பஸ் கேம் ஒண்ணைத்தான் பார்க்கும்.”

“அப்ப இன்னொன்னு?”

“சும்மா இருக்கும்.”

“ஸ்டாண்ட்பையா?”

“முதல் கார்டு செத்துப்போனா தானா எழுந்து வரும்னு நினைக்காதீங்க. சும்மான்னா சும்மா சார். கரண்ட்டைக் குடிச்சிட்டு சும்மா.”

கரண்ட்டைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம் அல்ல. அப்படி ஒரு பிரிவே எங்கள் அலுவலக மாடியில் இருந்தது.

ஆனாலும் நான் ஸ்டாண்ட்பை என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் பம்ப் வாங்கினால் இரண்டு வாங்குவோம். ஒன்று ஓடும், இன்னொன்று அருகில் உட்கார்ந்து அது எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் தத்துவம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தாது என்பது நஸ்ரின் சொன்ன நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் இரண்டுதான் வேண்டும் என்று நின்றேன்.

காரணம் தொழில்நுட்பம் அல்ல. காரணத்தின் பெயர் பிலோமினா.

ஒப்புதல் அதிகாரி

பிலோமினா என் மனைவி. பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றதால் வீட்டில் சீனியர்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் இரண்டு கொள்முதல்கள் செய்தேன். ஒன்று, வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கான இயந்திரம். அது இன்றும் நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் போர்வை காயப்போட அதைவிட வசதியான இடம் எங்கள் கிராப்பட்டியிலேயே கிடையாது. இன்னொன்று, ஒரு ஹாஸ்டலுக்குப் போதுமான அளவு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்.

இதற்குப் பிறகு பிலோமினா எனக்கு ஒரு வரம்பு விதித்தாள். அதற்குக் கீழே நானே வாங்கலாம். அதற்கு மேலே போனால் அவளிடம் காரணம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. நானே வகுத்திருந்தாலும் இப்படித்தான் வகுத்திருப்பேன்.

பெரிய கார்டு வரம்பைத் தாண்டியது. சின்ன கார்டு, தனித்தனியாகப் பார்த்தால், தாண்டவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே என்று நீங்கள் நினைக்கலாம். கொடுத்திருப்பாள். ஆனால் காரணம் கேட்டிருப்பாள். அந்தக் காரணத்தை வாயால் சொல்வதில்தான் எனக்குச் சங்கடம். அதற்குச் சேஷாத்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேஷாத்ரி என்ற ஆட்சேபணை

(போன வாரம் இந்தப் பத்தியில் கேன்டீன் வடையைப் பற்றி நான் எழுதியதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு பழைய சகாக்கள் தொலைபேசியில் பேசினார்கள். இந்த வாரம் சேஷாத்ரியைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன். “உண்மைக்குப் புறம்பா ஒரு வரி இருந்தாலும் மறுப்பு அனுப்புவேன் ஓய்” என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.)

அவர் எங்கள் தொழிற்சாலையின் உள் தணிக்கை அதிகாரி. ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். காலையில் பளிச்சென்று திருமண்ணோடு வந்து உட்கார்ந்தால், மாலைக்குள் யாராவது ஒருவர் நெற்றியில் வியர்வை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் அவர் சந்தேகித்தார். அவர் சந்தேகித்த ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன். எங்கள் கோப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினால் மலைக்கோட்டைக்குப் போட்டியாக இன்னொரு கோட்டை எழுப்பலாம்.

ஒரே ஒரு முறை நாங்கள் ஒரே கட்சியில் இருந்தோம். ஒரு பிரிவுத் தலைவருக்குத் தன் அறையில் புத்தக அலமாரி வைக்க ஆசை. அலமாரியின் விலை அவருடைய அதிகாரத்தைத் தாண்டியது. மனிதர் சளைக்கவில்லை. அலமாரியின் மேல் பாதியை ஒரு மாதத்திலும் கீழ் பாதியை அடுத்த மாதத்திலும் வாங்கினார். சோகம் என்னவென்றால், மேல் பாதியை முதலில் வாங்கிவிட்டார்.

நான் பில்லைத் திருப்பி அனுப்பினேன். சேஷாத்ரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘கீழ் பாதி வந்து சேரும் வரை மேல் பாதி எதன் மீது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது?’

அந்தப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அதற்குப் பதில் வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, உயிரோடு இருக்கிறோம் என்று வங்கியில் வருடா வருடம் கையெழுத்துப் போடும் வரிசையில் நாங்கள் மறுபடி சந்தித்தோம். சண்டை போட வேறு ஆள் இல்லாததால் நண்பர்களானோம். நான் கிராப்பட்டியில் ஏறி ஜங்ஷனில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போவேன். அவர் ராஜகோபுரம் நிறுத்தத்தில் நிற்பார். காபி, கொஞ்சம் வம்பு, நிறைய ஆட்சேபணை. வாரம் தவறாது.

போன பங்குனியில் அவர் விழுந்துவிட்டார். காவிரியிலும் கொள்ளிடத்திலும் படித்துறை படித்துறையாக இறங்கிக் குளித்தபோதெல்லாம் வழுக்காத மனிதர், சொந்தக் குளியலறையில் வழுக்கினார். இடுப்பு எலும்பு. அறுவை சிகிச்சை. சக்கர நாற்காலி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் எனக்குப் போன் செய்தார். “ஓய் அருள்தாஸ், பார்க்க வராதேயும். யாரும் வரப்படாது. வந்தா கதவைத் திறக்கப்படாதுன்னு ஆத்துல சொல்லி வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“காரணம் தெரிவிக்க இயலாது.”

அத்தோடு சரி. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று வாசல் பக்கம்கூட அவர் வருவதில்லை என்று அவருடைய மனைவி போனில் பிலோமினாவிடம் சொன்னார்.

காவிரியில் தண்ணீர் வந்தால் பஸ் நிற்கும்

அவருக்குப் பொழுது போக வேண்டும் என்று பெங்களூரிலிருந்து வந்த மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதில் ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, செங்கல் அளவு. கூடவே ஸ்டியரிங் சக்கரமும் ஒரு லாரி ஓட்டும் விளையாட்டும்.

அந்த விளையாட்டில் நம் ஊர் பஸ்களையும் நம் ஊர்ச் சாலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கென்றே ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுடைய வரைபடத்தைச் செய்தவர் துறையூர்க்காரராம். அதனால் திருச்சியில் பாதித் தெருக்களைக் காணோம். துறையூர் பஸ் ஸ்டாண்டில் மட்டும் டீக்கடை பாய்லர் வரை தத்ரூபம். இரண்டு பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு பஸ்ஸை ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக ஓட்டலாம். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே போகலாம்.

“பஸ் ஓட்ட வாரும் ஓய்” என்றார் சேஷாத்ரி.

என் பழைய கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றிக்கொண்டேன். தினமும் மாலை நாலு மணிக்கு நாங்கள் ஓட்டினோம். மணப்பாறை போய் வந்தோம். ஜீயபுரம் போகும் வழியில் வாழைத்தோப்புக்குள் நான் பஸ்ஸை விட்டபோது, “அரசுச் சொத்துக்குச் சேதம், அதோட விவசாயிக்கும் சேதம்” என்று இரண்டு தனித்தனி ஆட்சேபணைகள் எழுப்பினார். வீட்டை விட்டு வெளியே வராத மனிதர் மாவட்டம் முழுக்கச் சுற்றினார்.

பிறகு துறையூர்க்காரர் வரைபடத்தைப் புதுப்பித்தார். காவிரியில் தண்ணீர் விட்டுவிட்டார்.

நிஜக் காவிரியில் பல மாதம் மணல்தான். கம்ப்யூட்டர் காவிரியில் எப்போதும் இரு கரையும் புரள வெள்ளம், அதில் மலைக்கோட்டையின் நிழல், நிழலில் அலை. அத்தனையையும் வரைய என் பழைய கார்டுக்குத் தெம்பில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி அண்ணா சிலையைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் முன்சக்கரம் ஏறியதும் என் பஸ் நின்றுவிடும். கொஞ்சம் நகரும். நிற்கும். கடைசியில் திரை உறைந்து கம்ப்யூட்டரே படுத்துவிடும்.

சேஷாத்ரி பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். “எங்க இருக்கீர்?”

“பாலத்துல.”

“நேத்தும் பாலத்துலதானே இருந்தீர்?”

தண்ணீரின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வைத்தேன். ஆறு இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தார்ப்பாய் ஒன்று விரிந்தது. அதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “காவிரியில தண்ணி வேண்டாம்னு மனுக் கொடுக்குற முதல் திருச்சிக்காரர் நீர்தான்.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஓய், ஆடிப் பதினெட்டு வரது. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வருஷம்கூட நான் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகாம இருந்ததில்லை. இந்த வருஷம் பெருமாள் சித்தம் இப்படி. அன்னிக்கு நாம ரெண்டு பேரும் பஸ்ஸைக் கொண்டுபோய் அம்மா மண்டபத்துல நிறுத்தணும். தார்ப்பாய் சரிப்படாது. தண்ணி வேணும். அதுக்குள்ள எப்படியாவது பாலத்தைத் தாண்டி வாரும்.”

எனக்கும் அவருக்கும் இருந்த கோப்புகள் அத்தனையிலும் ‘எப்படியாவது’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. மறுநாளே தில்லைநகர் போனேன்.

இரண்டு பில், இரண்டு தேதி

ஆக, ஒப்புதல் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுத வேண்டியிருந்தது இதுதான்: என் பழைய எதிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறார், எனக்கு மனசு கேட்கவில்லை. இதை ஒரு தலைமையாசிரியையிடம் நேருக்கு நேர் நின்று சொல்வதைவிட விதியை மீறுவது சுலபமாகத் தெரிந்தது.

நஸ்ரினிடம் சொன்னேன். “சின்னது ரெண்டே கொடுங்கம்மா. ஒரு கார்டை இன்னைக்குப் பில் போடுங்க. இன்னொன்னை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்.”

“இங்கதான் இருக்கு சார், ரெண்டையும் இப்பவே எடுத்துட்டுப் போங்களேன். ஒரே பில்லா போட்டுடுறேன்.”

“வேண்டாம். தேதி வேற வேறயா இருக்கணும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வரி ஏய்ப்பா, கடத்தலா, வீட்டுப் பயமா என்ற மூன்று வாய்ப்புகள் வந்து போயின. கடைசியில் சரியானதைக் கண்டுபிடித்துவிட்டார். “ஆன்ட்டிக்குத் தெரியாதா சார்?” என்று கேட்டுவிட்டுப் பில் புத்தகத்தைத் திறந்தார். “நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். ரெண்டாவது சும்மா.”

வீட்டுக்குள் மாவு மில்

இரண்டு கார்டுகளையும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் அடுத்தடுத்து மாட்டியாயிற்று. நஸ்ரின் சொன்னது முழு உண்மை அல்ல என்று அன்றே தெரிந்தது. இரண்டாவது கார்டு சும்மா இருக்கவில்லை. முதல் கார்டின் மின்விசிறிக்கு முன்னால் குறுக்கே நின்று காற்றை மறித்தது. முதல் கார்டு மூச்சு வாங்கி, சூடேறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மின்விசிறிகள் எல்லாம் உச்ச வேகத்தில் அலறின. திருச்சி வெயிலுக்கு வீட்டுக்குள்ளேயே இன்னொரு சூரியன். யு.பி.எஸ். பூனைக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே இருந்தது.

“என்னங்க அது சத்தம்?” என்று பிலோமினா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு.”

முன்பு பாலத்தின் முதல் தூணில் நின்ற பஸ் இப்போது நடுப்பாலத்தில் நின்றது. அதுதான் கண்ட முன்னேற்றம். வைகாசி போய் ஆனியும் பாதி போய்விட்டது. ஒரு நாள் சேஷாத்ரி ஹெட்செட்டில் கேட்டார்.

“என்ன ஓய் பின்னாடி இரைச்சல்? மாவு மில்லுல உக்காந்து ஓட்டறீரா?”

“கார்டு சத்தம்.”

“எங்காத்துல இருக்கறதும் கார்டுதான். மூச்சுவிடறதே தெரியலையே. எத்தனை கார்டு?”

நான் பேசாமல் இருந்தேன். தணிக்கைக்காரரிடம் பேசாமல் இருப்பது ஒப்புதல் வாக்குமூலம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“ரெண்டா?”

“ரெண்டு.”

“ஒரே பில்லா?”

“...”

“ஒரே தேதியா?”

“...”

“ஓய்! உமக்கு வீட்டுல வரம்பு எவ்வளவு?”

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை. மாம்பழச்சாலையில் நின்றிருந்த அவருடைய பஸ்ஸின் ஹாரன் வேறு, கை பட்டதாலோ என்னவோ, விடாமல் அடித்தது. சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சி, தொழிலுக்குத் திரும்பினார். “எழுத்துபூர்வமா வரும். பதிலைத் தயார் பண்ணும்.”

நகல்: தக்க நடவடிக்கைக்காக

மறுநாள் காலை வாட்ஸப்பில் வந்தது.

‘ஒன்று: ஒரே தேவைக்கு இரண்டு கார்டுகள் வாங்கப்பட்டதன் அவசியம் என்ன? இரண்டு: இரண்டாவது கார்டு இன்றுவரை ஆற்றிய பணி என்ன? மூன்று: கொள்முதல் பிரிக்கப்பட்டது எந்த அதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக?’

இதுவரை நல்லதுதான். கடைசி வரியில்தான் துரோகம் இருந்தது. ‘நகல்: திருமதி பிலோமினா அவர்கள், தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.’ கோயில் புளியோதரையும் கிறிஸ்துமஸ் கேக்கும் இரு வீட்டுக்கும் போய் வந்த வகையில் அவரிடம் அவள் நம்பர் இருந்தது.

பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். “என்னங்க, கம்ப்யூட்டர் பழசானதால சத்தம் வருதுன்னு சொன்னீங்க.”

“அதனாலயும் வருது.”

“நான் தக்க நடவடிக்கை எடுக்கணுமாம். என்ன எடுக்கணும்?”

“பின்னேற்பு ஒப்புதல்னு ஒண்ணு இருக்கு. வாங்கினதுக்கு அப்புறமும் அதிகாரி மனசு வச்சா கையெழுத்துப் போடலாம்.”

“வைக்கிறேன். காரணம் என்ன?”

“பஸ் பாலத்துல நின்னுடுது.”

“நிக்கட்டுமே. அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?”

சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேஷாத்ரி நிக்கிறாரு. தனியா. ஆடிப் பதினெட்டுக்குள்ள வரச் சொன்னாரு.”

பிலோமினா கண்ணாடியைக் கழற்றினாள். “இதைச் சொல்றதுக்கு ரெண்டு கார்டு வாங்கணுமா? முதல்லயே சொல்லியிருந்தா பெரிசையே வாங்கியிருக்கலாமே.”

“சரி.”

“என்ன சரி? நிஜப் பாலம் ஒண்ணு அங்க இருக்குல்ல? பஸ் ஓடுதுல்ல? நேரா போக வேண்டியதுதானே?”

“வர வேண்டாம்னு சொல்லிட்டாரு.”

“எப்ப?”

“பங்குனியில.”

“அதுக்கப்புறம் திரும்பக் கேட்டீங்களா?”

“நிராகரிச்ச மனுவைப் புதுக் காரணம் இல்லாம மறுபடி கொடுக்க முடியாது.”

“உங்க ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல ஏத்தி முட்டி போடச் சொல்லணும்” என்றாள். “புதுக் காரணம் எழுதுங்க. அவர் கேட்ட கேள்விக்குப் பதில்லயே எழுதுங்க. நான் பார்த்துட்டுத்தான் கையெழுத்து.”

மூன்று வரைவுகள்

முதல் வரைவு மூன்று பக்கம். பம்ப், ஸ்டாண்ட்பை, அவசரகாலத் தேவை, திருச்சியின் தட்பவெப்பம் எல்லாம் வந்தன. பிலோமினா சிவப்புப் பேனாவை எடுத்து மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடு போட்டாள். இரண்டாவது வரைவு ஒரு பக்கம். ‘சுற்றி வளைக்கிறது’ என்று ஓரத்தில் எழுதினாள். மூன்றாவதை அவளே எதிரில் உட்கார்ந்து எழுத வைத்தாள். அனுப்பியது அதைத்தான்.

‘ஒன்று: பாலத்தின் அந்தப் பக்கம் தாங்கள் தனியாக நின்றதால். இரண்டு: ஏதுமில்லை. மூன்று: என் மனைவியின் ஒப்புதலை. அது இப்போது பெறப்பட்டுவிட்டது. மேலும், பஸ்ஸில் நேரில் வந்து தங்களைப் பார்க்க மறுபடியும் அனுமதி கோருகிறேன். தாங்கள் நாற்காலியில் இருக்கிறீர்களா, நிற்கிறீர்களா என்பது எனக்குப் பொருட்டல்ல.’

நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அன்று நாலு மணிக்கு விளையாட்டைத் திறந்தேன். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவி எடுத்து, “அவர் கார்யமா இருக்கார்” என்றார். என்ன காரியம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆடி பிறந்தது. அவர் வரவே இல்லை.

நாற்காலி என்று எழுதியிருக்கக் கூடாதோ என்று தோன்றிவிட்டது. பிலோமினாவிடம் சொன்னேன். “நீ சொன்னதாலதான் எழுதினேன்.”

“தணிக்கைக்குப் பதில் போட நீங்க எடுத்துக்கிற காலத்துல கால்வாசிகூட ஆகல. பொறுங்க” என்றாள். ஆனால் அவளும் நாலு மணிக்கு என் அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இடையில் ஒப்புதல் அதிகாரியின் உத்தரவுப்படி பெரிய கார்டு வந்தது. நஸ்ரினே வீட்டுக்கு வந்து மாட்டினார். கழற்றிய சின்ன கார்டுகள் இரண்டையும் பெட்டியில் போட்டு, “கடைக்கு வரும்போது கொண்டு வாங்க சார், யாராவது கேட்டா வித்துத் தர்றேன்” என்றார். பிலோமினா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, “ஆன்ட்டி, நான் அன்னைக்கே சொன்னேன்” என்று தன் தரப்பையும் பதிவு செய்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குச் சத்திரத்தில் பஸ்ஸைக் கிளப்பினேன். ஹெட்செட்டில் யாரும் இல்லை. அண்ணா சிலை. பாலம். முன்சக்கரம் ஏறியது. நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், வெயிலில் கண் கூசும் அளவுக்குப் புரண்டு போயிற்று. மலைக்கோட்டை தலைகீழாக ஆடியது. எங்கும் ஒரு உதறல் இல்லை. இவ்வளவு தண்ணீரை நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதுதான் பார்த்திருக்கிறேன்.

பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டேன். நிழற்குடை இருந்தது. துறையூர்க்காரர் வரைந்த மூன்று பயணிகள் கை காட்டினார்கள். வேறு பஸ் எதுவும் இல்லை.

“தாண்டிட்டீங்களா?” என்றாள் பிலோமினா பின்னாலிருந்து.

“தாண்டிட்டேன்.”

அவள் என் தோளில் கையை வைத்து, “இன்ஜினை அணைச்சுடுங்க. டீசல் வீணாகுது” என்றாள்.

அதன்பிறகு நான் விளையாட்டைத் திறக்கவில்லை. பதிலுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதலாமா என்று யோசித்து, எழுதி, அழித்தேன். மூன்றாவது நினைவூட்டலுக்கு மேல் யாருக்கும் மரியாதை இல்லை. எனக்கு முதலாவதையே அனுப்பத் துணிவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, பேப்பரில் முக்கொம்பில் தண்ணீர் வந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பதில் கீழ்க்கண்டவாறு:

‘தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை. சர்ச்சைக்குரிய இரண்டு கார்டுகளும் நேரடிச் சரிபார்ப்புக்கு உரியவை. தணிக்கை அதிகாரி, இத்தனை நாள் நடைப் பயிற்சிக்குப் பிறகு, இன்று முதல் வாக்கர் துணையோடு வாசல் வரை வரக்கூடிய நிலையில் மட்டுமே இருப்பதால், தாங்களே கார்டுகளுடனும் பில்களுடனும் நேரில் ஆஜராகவும். அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஒப்புதல் அதிகாரியையும் உடன் அழைத்து வரவும். புளியோதரை, தேங்காய் சாதம், ததியோன்னம் மதியம் வரை மட்டுமே இருப்பில் இருக்கும். தாமதத்துக்கு விளக்கம் ஏற்கப்பட மாட்டாது.’

பதில் கிடைக்கப்பெற்ற நாள்: ஆடி பதினெட்டு, முற்பகல்.